மார்ச் மாதத்துச் சான்றிதழ்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது. வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவனை அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் சும்மா உட்கார விடுவதில்லை. சேலையூருக்குக் குடிவந்த மூன்றாம் மாதமே சங்கச் செயலாளராக்கிவிட்டார்கள். பதவியேற்றதும் நான் செய்த முதல் காரியம் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. மாலை ஆறரைக்கு மேல் மொட்டை மாடி பூட்டப்படும். அவசியம் இருப்பவர்கள் செயலாளரிடம் காரணம் சொல்லிச் சாவி பெற்றுக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிகரெட் துண்டுகள் கிடந்தன, விதி தேவைப்பட்டது. அந்த விதியின்படி சாவி கேட்டு முதலில் வந்தவள் என் மகள்.

"எதுக்கு?"

"நட்சத்திரம் எண்ண."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்ப்பா. நம்பிக்கை இல்லன்னா கூட வந்து நீங்களே பூட்டிட்டு வாங்க."

நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனாலும் கூடப் போனேன். அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம், அவள் எண்ணும் நட்சத்திரங்கள் தெரியும் மாதங்களில், மழை இல்லாத மாலைகளில் எல்லாம் போனேன்.

அவள் எனக்கு நாற்பத்து நான்கு வயதில் பிறந்தவள். ஒரே பிள்ளை. பள்ளிக்கூட வாசலில் காவலாளி, "பாப்பா, தாத்தா வந்துட்டார்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். நான் திருத்தியதில்லை. பதிவேட்டில் தந்தை பெயர் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் வருடா வருடம் பார்த்துக்கொள்வேன்.

அவள் எண்ணியது கார்த்திகையை. பஞ்சாங்கத்தில் ஒரே நட்சத்திரம் போலப் பெயர் போட்டிருந்தாலும் அது ஒரு சின்னக் கொத்து. நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு ஆறு தெரியவேண்டும். எங்கள் மாடியிலிருந்து எத்தனை தெரிகிறது என்பதுதான் அவள் கணக்கு. ஒரு நோட்டில் கோடு போட்டு தேதி, நேரம், மேகம், எண்ணிக்கை, குறிப்பு என்று ஐந்து பத்தி வைத்திருந்தாள். நாலு. நாலு. மேகம். மூணு, எதிர் ஃபிளாட்டில் சீரியல் லைட். நாலு. விமானம் குறுக்கே போனதால் இரண்டாம் முறை எண்ணினேன், நாலு.

நான் பார்த்த எத்தனையோ பதிவேடுகளைவிட அது ஒழுங்காக இருந்தது. பக்கங்களுக்கு எண் போடவில்லை என்று மட்டும் சொன்னேன். அடித்து எழுதினாலோ வேறு கை எழுதினாலோ பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்றும் சொன்னேன். சிரித்துவிட்டு இரண்டையும் செய்தாள். கேம்ப் ரோடு கடைகளின் வெளிச்சம் வானத்தின் கீழ்ப்பாதியை மஞ்சளாக்கி வைத்திருக்கும். மேல்பாதியை மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எடுத்துக்கொள்ளும். நடுவில் மிச்சமிருந்த துண்டில் அவள் நாலு புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சாவியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு நிற்பேன். பேச்சு அதிகம் இருக்காது. என்னுடைய ஒரு நாளில் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத பத்து நிமிடம் அது.

அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பொங்கல் விடுமுறையில் கேளம்பாக்கத்தைத் தாண்டிக் கடற்கரையோரம் இருக்கும் என் மனைவியின் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். சாயங்காலம் அந்தப் பக்கம் மின்சாரம் போய்விட்டது. வீட்டுக்காரர்கள் மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் என்னைக் கையைப் பிடித்துச் சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, ஆறு." சற்று நேரம் கழித்து, "இப்ப ஏழு. இல்ல, ஆறு. இருங்க."

இருந்தேன். அவள் கை என் கையை விடவே இல்லை. சின்ன வயதில் தடுப்பூசி போடும்போதுதான் அப்படிப் பிடித்திருப்பாள். திரும்பி வரும்போது கார் சன்னலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மேடவாக்கம் சிக்னலில் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நான் வானியல் படிக்கப் போறேன்."

எப்படி என்று முழு விவரமும் வைத்திருந்தாள். மத்திய அரசின் அறிவியல் நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடப் படிப்பு. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. பிறகு ஆராய்ச்சி, இன்னொரு ஐந்தாறு வருடம்.

"அப்புறம்?"

"அப்புறம் பார்க்கணும்."

"எதைப் பார்க்கணும்?"

"வானத்தத்தான்ப்பா."

அவள் சொன்ன நிறுவனம் வடக்கே, ரயிலில் இரண்டு ராத்திரி தூரத்தில் இருந்தது. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். அங்கேதான் அந்தத் துறை பெரியது என்றாள். காரணம் எழுத்துபூர்வமாக இருந்தால் நான் மறுக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள்.

என் மனைவி அந்தத் தாளைப் படிக்கவில்லை. "போகட்டும். நான் இருபது வயசுல கல்யாணம் பண்ணிக்கினு செங்கல்பட்டு வரைக்கும்தான் போனேன்" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

என் மனைவியின் தம்பி அவ்வளவு சுலபமாக விடவில்லை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவன். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வந்தவன் காதில் விஷயம் விழுந்தது.

"இன்னா மாமா, பொண்ணு ராக்கெட்டு வுடப் போவுதா?"

"ராக்கெட் இல்லப்பா. நட்சத்திரத்தைப் பத்திப் படிக்கப் போறா."

"படிச்சிகினு?"

"ஆராய்ச்சி பண்ணி எழுதுவா."

"அத்த யாரு படிப்பா?"

"அதையும் அவ மாதிரி நாலு பேர் படிப்பாங்க."

"சர்தான்." மீன் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தான். "தோ பாரு பாப்பா, நம்ம பட்டறையில டிராயிங் போட ஆளில்லாம கீது. மெக்கானிக்கல் எடு. மாமா கார்ல வந்து இட்டுகினு போறேன், இட்டாந்து வுடறேன். ஏசி ரூமு."

"மாமா, பெரிய டெலஸ்கோப் எல்லாம் ஒரு ஸ்டாண்ட் மேலதான் நிக்குது. அதுக்கும் டிராயிங் வேணும்."

"எம்மாம் பெருசு?"

அவள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். அவன் வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அடுத்த வாரம், நிலாவைப் பார்க்க அவள் வைத்திருந்த பைனாகுலருக்கு ஒரு இரும்புத் தாங்கி செய்து கொண்டுவந்தான். அவன் பட்டறை இயந்திரங்களுக்கு அடிக்கும் அதே பச்சைப் பெயின்ட். மாடிக்கு ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டார்கள். புயல் வந்தாலும் அசையாது என்றான். உண்மைதான், இன்றுவரை அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

பிப்ரவரியில் நுழைவுத் தேர்வுக்கான ஏற்பாடுகளைத் தொடங்கினேன். என் பங்கு சான்றிதழ்கள். எங்களுக்கு மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் உண்டு. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். மத்திய அரசு நிறுவனங்களில் அது செல்லாது. அவர்களுடைய படிவத்தில், குடும்பம் வசதி வரம்பைத் தாண்டவில்லை என்று தனியாக ஒரு சான்றிதழ் வாங்கவேண்டும். நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் இங்கேதான் விழுவார்கள். மாநிலச் சான்றிதழை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு போய் நிற்பார்கள். நான் இருக்கையில் இருந்த காலத்தில் அப்படி வந்தவர்களுக்கு விளக்கி விளக்கித் தொண்டை கட்டியிருக்கிறது.

நான் விழவில்லை. மார்ச் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மூன்று கட்டமும் தாண்டி, மூன்றாம் வாரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. மே, ஜூனில் கூட்டம் அலைமோதும். மார்ச்சில் போனால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் அனுபவம்.

அன்று மாலை மாடியில் அவள் கேட்டாள்.

"அப்பா, அந்த ஓபிசி சர்டிபிகேட், ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும்னு தேர்வுக் கையேட்டுல போட்டிருக்கு."

"அது புதுசா வாங்கறவங்களுக்கு."

"நமக்கும் புதுசுதானே?"

"பாப்பா, நான் இந்த சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டவன். நீ எண்ணு."

அவள் எண்ணினாள். நாலு.

கையேட்டை நான் படிக்கவில்லை. எதற்குப் படிக்கவேண்டும்? சான்றிதழ் நிதியாண்டோடு கணக்கு என்பதும், மார்ச் முப்பத்தொன்றோடு பழையது காலாவதி என்பதும் எனக்குத் தெரியாததா? தெரியும். கவுன்ட்டருக்கு வெளியே நின்ற எத்தனையோ தகப்பன்மார்களிடம், "போய் ஏப்ரலுக்கு மேல வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். சீக்கிரமே வந்துவிட்ட ஆர்வக்கோளாறுகள் என்று அவர்களைப் பற்றி உதவியாளரிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

தேர்வு எழுதினாள். முடிவு வந்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அவள் தரவரிசை எண்ணுக்கு, அவள் கேட்ட நிறுவனத்தில், அவள் கேட்ட இடம் உறுதி. மைத்துனன் பட்டறையில் எல்லோருக்கும் பிரியாணி போட்டான். பிறகு ஆவணச் சரிபார்ப்பு. ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். சான்றிதழ் நடப்பு நிதியாண்டுக்குரியது அல்ல, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரியானதைப் பதிவேற்றாவிட்டால் பொதுப் பிரிவில் கருதப்படுவீர்கள் என்று இருந்தது. பொதுப் பிரிவில் அவள் எண்ணுக்கு எங்கேயும் இடமில்லை.

இங்கே ஒன்றை எழுதியாகவேண்டும். அதைப் படித்து முடித்ததும் எனக்குள் முதலில் வந்தது பதற்றம் இல்லை. ஒரு நிம்மதி. அப்பாடா, போகமாட்டாள். ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. அதற்குப் பின்னால்தான் வியர்த்தது, சட்டையை மாட்டினேன், வண்டிச் சாவியைத் தேடினேன். ஆனால் எது எந்த வரிசையில் வந்தது என்பதை நான் மாற்றி எழுத முடியாது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் என் இருக்கையில் இப்போது உட்கார்ந்திருப்பவர் ஒருகாலத்தில் எனக்கு உதவியாளராக இருந்த பெண். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"சார், நீங்களா மார்ச்ல வாங்கினீங்க?"

"நான்தாம்மா."

அவர் என்னைப் பார்க்காமல் கணினித் திரையைப் பார்த்தார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன். "நான் இன்னிக்கே போட்டுடுவேன் சார். ஆனா வி.ஏ.ஓ. கிட்டேருந்து வரணுமே. ஜமாபந்தி நடக்குதே சார், எல்லாரும் கணக்குக் கட்டோட அங்கதான் உட்கார்ந்திருக்காங்க."

ஜமாபந்தி என்பது வருடத்துக்கு ஒருமுறை கிராமங்களின் நிலக் கணக்கை மேலதிகாரி உட்கார்ந்து தணிக்கை செய்வது. அது நடக்கும் நாட்களில் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து எதையும் எதிர்பார்க்கக்கூடாது. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

"போன் பண்ணிப் பார்க்கட்டுமா சார்? முன்னாடி இருக்கறதைத் தள்ளி வெச்சிட்டு உங்களோடதை எடுக்கச் சொல்லலாம். ஆனா நீங்கதானே..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் தலைக்குப் பின்னால், சுவரில், என் கையெழுத்திலேயே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது: விண்ணப்பங்கள் வரிசைப்படி மட்டுமே பரிசீலிக்கப்படும். பரிந்துரையுடன் வரவேண்டாம்.

"பண்ணும்மா" என்றேன்.

பண்ணினார். வி.ஏ.ஓ. எடுக்கவில்லை. வியாழக்கிழமை நானே ஜமாபந்தி நடந்த மண்டபத்துக்குப் போய் வெளியே வெயிலில் நின்றேன். சாயங்காலம் வெளியே வந்த அந்த இளைஞர், "நைட் போட்டுடறேன் சார்" என்றார். சொன்னபடி போட்டார். வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளரும் ஜமாபந்தியில். சான்றிதழ் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. எந்தக் குறையும் இல்லாத சான்றிதழ்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று பக்கம், பத்தி எண் போட்டு. பதில் இரண்டு வரியில் வந்தது. தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. விதிகளில் இடமில்லாததால் ஏற்க இயலவில்லை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நானும் இதைத்தான் எழுதியிருப்பேன், எழுதியிருக்கிறேன்.

அன்று மாலை அவள் அறை வாசலில் நின்று, "வேணும்னு பண்ணலம்மா" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் அன்னிக்கே கேட்டேனே."

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தாள். பஸ்ஸில் இருபது நிமிடம். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஹாஸ்டல் சாப்பாடு இல்லை, ரயில் இல்லை, கவலை இல்லை. நான் விரும்பியது எல்லாம், ஒரு குறையும் இல்லாமல், என் கைக்கு வந்து சேர்ந்தது. நன்றாகப் படித்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். வீட்டு வேலை செய்தாள். சாவி மட்டும் கேட்கவில்லை.

மழைக்காலம்வரை நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன். கார்த்திகைக் கொத்து சாயங்காலத்தில் கிழக்கே ஏறத் தொடங்கும் மாதம் எது என்று அதற்குள் எனக்கே தெரிந்திருந்தது. நவம்பர் போனது. டிசம்பரில் மழை விட்டு வானம் துடைத்த மாதிரி இருந்தது. சாவி ஹாலில், நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. ஆறரை மணிக்கு நான் மேலே போய்ப் பூட்டிவிட்டு வருவேன். சில நாள் பூட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். மைத்துனனின் பச்சைத் தாங்கி மட்டும் நடுவில் நின்றுகொண்டிருக்கும். என்னுடைய கண்ணுக்கு மேலே ஒரு மங்கலான திட்டு தெரியும். பக்கத்தில் எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் அது நாலா மூணா என்று தெரியாது.

வீட்டில் எல்லாரும் இருந்தோம். ஆனாலும் ஊருக்குப் போனவளை நினைத்துக்கொள்வதைப் போல அவளை நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "அங்க அனுப்பியிருந்தா வாரத்துக்கு ரெண்டு வாட்டி போன்ல பேசியிருப்பா. இங்கே பக்கத்து ரூம்ல இருந்துகினு அதுவும் இல்ல."

பொங்கல் கழித்து ஒரு மாலை, நான் நாளிதழில் தலையங்கம் படித்துக்கொண்டிருந்தபோது, முன்னால் வந்து நின்றாள்.

"சாவி."

நான் காரணம் கேட்கவில்லை. விதியை மீறிய முதல் செயலாளர் நான்தான். நாற்காலியை விட்டு எழுந்தேன். அவளாகவே சொன்னாள்.

"போன வருஷம் பாஸ் பண்ணவங்களும் திரும்ப எழுதலாம்ப்பா. நான் எழுதப் போறேன். அதே இடம்தான்."

"சரி."

"கையேட்டைப் பிரிண்ட் எடுத்து உங்க மேசையில வெச்சிருக்கேன்."

அன்று ராத்திரியே முழுவதும் படித்தேன், அடிக்கோடிட்டு. ஏழாம் பக்கம், மூன்றாவது பத்தி. எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் முதல் தேதி காலை எட்டே முக்காலுக்கே கேம்ப் ரோடு இ-சேவை மையத்தின் இழுகதவுக்கு முன்னால் நின்றேன். பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டு முறை பார்த்தார். மையத்துப் பெண் பூட்டைத் திறக்க வந்தவள், "சார், இன்னிக்கு நீங்கதான் மொத ஆளு" என்றாள். இன்றைய தேதியில்தான் பதிவாகிறதா என்று மூன்று முறை கேட்டேன். "சார், நாளைத் தேதியா போட முடியும்?" என்றாள்.

யாருக்கும் போன் செய்யவில்லை. வரிசைப்படி வந்தது. பத்தாம் நாள் மாலை செல்போனில் செய்தி வந்ததும் போய் அச்செடுத்துக்கொண்டு நேராக மாடிக்கு ஏறினேன். அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். ஏப்ரலில் கார்த்திகை மேற்கே இறங்கிவிடும். கடைகளின் மஞ்சள் வெளிச்சத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அதுவும் போய்விடும்.

"எத்தனை?"

"நாலு. ஒண்ணு சந்தேகம்."

காகிதத்தைக் கொடுத்தேன். கண் இருட்டுக்குப் பழகியதைக் கெடுக்காமல் இருக்க, செல்போன் விளக்கின்மேல் சிவப்புக் காகிதம் ஒட்டி வைத்திருப்பாள். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் தன் பெயரைப் பார்க்கவில்லை, என் பெயரையும் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தாள். விரலால் அதன்மேல் ஒருமுறை தடவினாள்.

"சரியா இருக்கு."

"ம்."

"இது மார்ச் வரைக்கும்தான் செல்லும்ப்பா. அதுக்குள்ள போயிடணும்."

"போயிடு" என்றேன். சொல்லிவிட முடிந்தது.

தேர்வு ஜூனில். கிடைக்குமா, கிடைக்காதா என்று யாரும் சான்றிதழ் கொடுக்கமாட்டார்கள். அவள் காகிதத்தை நோட்டுக்குள் வைத்து, அன்றைய வரியை எழுதினாள். பிறகு பேனாவோடு நோட்டை என் பக்கம் நீட்டினாள்.

"நான் போனா இதை நீங்கதான் எழுதணும். இன்னிக்கே ஆரம்பிங்க."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே பாப்பா. ஒரு திட்டு மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

"தெரியலன்னு எழுதுங்க. மேகம் இருந்தா மேகம்னு எழுதறோம்ல? ஒரு நாளும் விடக்கூடாது, அதான் முக்கியம்."

கைப்பிடிச் சுவரில் நோட்டை வைத்து, அவளுடைய வரிக்குக் கீழே தேதி போட்டேன். நேரம் போட்டேன். மேகம் இல்லை என்று போட்டேன். எண்ணிக்கைப் பத்தியில் சற்று நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, தெரியவில்லை என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள். சுருக்கொப்பம் எங்கே என்று கேட்டாள்.